தண்ணீர் பைப் தண்ணீருக்கே! காற்றுக்கு அல்ல!



அண்மையில் நமது கிளைக் கூட்டமொன்றில் லயன் கூரைத் தகரம், கொழுந்து நிறுவை, அரைப் பேர் பிரச்சினை எல்லாம் பேசி முடித்து, கூட்டத்தைக் கலைக்கும் நேரத்தில் ஒரு சகோதரி எழுந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தரம் பிரிக்கும் பகுதியில் வேலை செய்பவர். அவர் கேட்டது இதுதான்:

"எங்க தலைக்கு மேல புதுசா ஒரு பிளாஸ்டிக் பைப் போட்டிருக்காங்க. கலர் சோட்டர் மெஷினுக்குக் காத்து போற பைப்பாம். வேர்க்‌ஷொப் தம்பி அது சரியில்லைன்னு சொல்லுது. தண்ணிக்குத் தாங்குற பைப்பு காத்துக்குத் தாங்காதா அண்ணே? தண்ணிய விடக் காத்து லேசுதானே?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் கூட்டத்தில் இருந்த ஒருவராலும், இதை எழுதுகிறவர் உட்பட, அந்த இடத்தில் தெளிவான பதில் சொல்ல முடியவில்லை. பிறகு விசாரித்தோம், படித்தோம், வேர்க்‌ஷொப் வேலை தெரிந்தவர்களிடம் கேட்டோம். அந்தச் சகோதரியின் பயம் நூற்றுக்கு நூறு நியாயமானது. இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளை, கம்மடுவை என்று மாத்தளை மாவட்டத்தில் தோட்டத் தொழிற்சாலை உள்ள எந்த இடத்திலும் இந்தக் கேள்வி எழலாம். ஆகவே இந்த இதழின் தலையங்கத்தை அவருக்கான பதிலாகவே எழுதுகிறோம்.

கராஜை விட்டு வெளியே வந்த காற்று

ஒரு காலத்தில் தோட்டத்துக் கம்பிரசர் என்றால் அது கராஜின் மூலையில் இருக்கும். லொறிக்கும் டிரக்டருக்கும் டயரில் காற்றடிக்க, மோட்டாரில் படிந்த தூசியை ஊத, எப்போதாவது பெயின்ட் அடிக்க. நான்கு ஐந்து யார் நீளமான ரப்பர் ஹோஸ் ஒன்று போதும். ஆபத்து இருந்தாலும் அது மெக்கானிக்கோடும் அவரது உதவியாளரோடும் நின்றுவிடும்.

இப்போது நிலைமை வேறு. தேயிலைத் தூளில் உள்ள நாரையும் காம்பையும் நிறம் பார்த்துப் பிரித்து, காற்றால் ஊதித் தள்ளும் கலர் சோட்டர் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு நாள் முழுதும் அமுக்கிய காற்று வேண்டும். ஆகவே காற்று லைன் கம்பிரசர் இருக்கும் அறையிலிருந்து சுவர் தாண்டி, கூரைச் சட்டத்தில் தொங்கி, பெண்கள் நின்று வேலை செய்யும் இடத்துக்கு மேலாக ஓடுகிறது. மெக்கானிக்கின் விடயமாக இருந்தது இன்று தொழிற்சாலையில் வேலை செய்யும் எல்லோருடைய விடயமாகிவிட்டது.

அந்த நீண்ட லைனை எதில் போடுவது என்ற கேள்வி வரும்போதுதான் கை பிவிசி பைப்பை நோக்கிப் போகிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். விலை குறைவு. மாத்தளை டவுனில் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். ஒருவர் தோளில் தூக்கி வரலாம். வாளால் அறுத்து, பசை பூசி ஒட்டினால் ஒரு நாளில் வேலை முடியும். மரை வெட்டத் தேவையில்லை, வெல்டிங் தேவையில்லை. ஸ்டோரிலிருந்து கொடுத்த சாமானை வைத்து மெக்கானிக் வேலையை முடிக்கிறார். அவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. எந்த பைப் வாங்குவது என்று தீர்மானிப்பதும் அதற்குக் கையெழுத்து வைப்பதும் அவரல்ல.

தண்ணீரும் காற்றும் ஒன்றல்ல

இனி, சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

தண்ணீரை எவ்வளவு அமுக்கினாலும் அது சுருங்காது. 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கூட அதன் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவதில்லை. ஆகவே தண்ணீர் பைப் வெடித்தால், ஒரு சொட்டு வெளியே வந்ததுமே உள்ளே இருந்த அழுத்தம் விழுந்துவிடும். பீய்ச்சி அடிக்கும், நனைவோம், அவ்வளவுதான்.

காற்று அப்படியல்ல. 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏறத்தாழ 8 லீட்டர் காற்றை 1 லீட்டர் இடத்துக்குள் திணித்து வைக்கிறோம். 200 லீட்டர் கொண்ட ஒரு பீப்பாய் அளவு டேங்க் என்றால், அதற்குள் 1,500 லீட்டருக்கு மேற்பட்ட காற்று வெளியே வரத் துடித்துக்கொண்டிருக்கிறது. பைப்பில் ஒரு வெடிப்பு விழுந்ததும் அவ்வளவும் அந்த வழியாக ஒரே மூச்சில் விரியும். மலைப் பாதையில் பஸ் டயர் வெடிக்கும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால் அந்தச் சத்தம் வருமா?

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2 அங்குல பைப்பின் நுனியில் ஒரு மூடி ஒட்டியிருக்கிறது. உள்ளே 100 பிஎஸ்ஐ. அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் பலம் ஏறத்தாழ 140 கிலோ. கிட்டத்தட்ட மூன்று 50 கிலோ அரிசி மூட்டைகளின் பாரம். அதை இரவும் பகலும் பிடித்துக்கொண்டிருப்பது விரலால் பூசிய பசை.

காற்று லேசுதான். ஆனால் அமுக்கி அடைத்த காற்று இழுத்துக் கட்டிய வில்லைப் போன்றது.

இதில் பிவிசியின் குணம் சேரும்போதுதான் உயிராபத்து. இரும்பு பைப் கெட்டுப்போனால் பெரும்பாலும் மரையில் கசியும், துருவில் சிறு ஓட்டை விழும், "உஸ்" என்று சத்தம் கேட்கும். நமக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. பிவிசி அப்படி எச்சரிப்பதில்லை. உடையும்போது கண்ணாடி போலச் சிதறும். கூரான துண்டுகள் காற்றின் வேகத்தில் கண்ணையும் கழுத்தையும் தேடி வரும்.

"அழுத்தம் தாங்கும் என்று பைப்பிலேயே எண் அடித்திருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். அந்த எண் குளிர்ந்த தண்ணீருக்கு அடித்த எண். சூடு ஏற ஏற பிவிசியின் பலம் குறையும். சாதாரணமாக 23 பாகை செல்சியஸில் தாங்கும் அழுத்தத்தில் 49 பாகையில் 40 வீதத்தையே அது தாங்கும். 60 பாகையில் 22 வீதம்தான். கம்பிரசரிலிருந்து புறப்படும் காற்று கொதிநீரை விடச் சூடாகவும் இருக்கலாம். அதோடு தகரக் கூரையின் வெக்கை, டிரையர் பக்கத்துச் சூடு. வெயில் பட்டால் பிவிசி நொய்ந்துபோகும். கம்பிரசரிலிருந்து காற்றோடு கலந்து வரும் ஒயில் சில பிளாஸ்டிக் வகைகளை உள்ளிருந்தே கெடுக்கும். கம்பிரசர் நின்று நின்று ஓடும் ஒவ்வொரு தடவையும் பைப் அதிர்கிறது. "இரண்டு வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே" என்பது ஆறுதல் அல்ல. வயது ஏற ஏற அது வெடிக்கும் நாள் நெருங்குகிறது என்றுதான் அர்த்தம்.

மற்ற நாடுகளில் படித்த பாடம்

இது சங்கம் கிளப்பும் பீதி என்று யாராவது சொன்னால், அவர்களுக்குக் காட்ட சாட்சியம் உண்டு.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் காற்று ஓடிய பிவிசி பைப் வெடித்து, பறந்த துண்டுகள் ஒரு தொழிலாளியின் கையைக் கிழித்தன. அதையடுத்து அந்த நாட்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகம் 1988 மே 20ஆம் திகதி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நிலத்துக்கு மேல் வெளியே தெரியும்படி ஓடும் லைனில் அமுக்கிய காற்றுக்கு பிவிசி பைப் பாவிப்பது ஆபத்து என்பதே அதன் சாரம். அந்த எச்சரிக்கையில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. பிளாஸ்டிக் பைப் தொழில் நடத்துவோரின் அமைப்பே 1972 ஜனவரியில், தொழிற்சாலைகளில் வெளியே தெரியும் லைன்களில் அமுக்கிய வாயுக்களுக்கு இந்தக் குழாய்களைப் பாவிக்க வேண்டாம் என்று பரிந்துரை செய்திருந்தது. விற்பவனே வேண்டாம் என்று சொன்ன பிறகு வாங்குபவருக்கு என்ன வாதம் இருக்கிறது?

அதே நாட்டில் வாஷிங்டன் மாநிலத்தில் செலா என்று ஓர் ஊர். நம்மைப் போலவே தோட்டங்களை நம்பி வாழும் பகுதி, அங்கே ஆப்பிள். அங்கு ஒரு புதிய பண்டகசாலையில் காற்று லைனாகப் போட்டிருந்த பிவிசி பைப் வெடித்தது. அதன் ஒரு துண்டு 60 அடி தூரம் பறந்து ஒரு கடதாசிச் சுருளில் குத்தி நின்றது. அந்த நேரம் அங்கே எவரும் இல்லாதது அதிர்ஷ்டம். 60 அடி என்றால் எவ்வளவு? ஆறு லயன் அறைகளை வரிசையாக நடந்து கடக்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமது தரம் பிரிக்கும் அறையில் அவ்வளவு தூரத்துக்குள் எத்தனை பேர் நிற்கிறோம்?

எந்த பைப் நல்லது?

குறை சொல்வதோடு நிறுத்தாமல், நிர்வாகத்திடம் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வோம்.

இரும்பு பைப்: மரை போட்டு இணைக்கும் கறுப்பு இரும்பு பைப்பும், நாம் ஜிஐ பைப் என்று சொல்லும் நாகம் பூசிய பைப்பும் பலமானவை. இங்கேயே கிடைக்கும், இங்குள்ளவர்களே போடலாம். நமது தொழிற்சாலைகளுக்கு நடைமுறையில் மிகவும் பொருத்தமானது இதுவே. குறை ஒன்று உண்டு. உள்ளே துருவும் செதிலும் வரும். அவை கலர் சோட்டரின் நுண்ணிய வால்வுகளை அடைக்கும். ஆகவே இயந்திரத்துக்கு முன்னால் நல்ல பில்டர் வைக்க வேண்டும்.

செப்பு பைப்: துருப்பிடிக்காது, சுத்தமான காற்று கிடைக்கும். சாதாரண ஈயப் பற்று போதாது. வெள்ளிப் பற்று வைத்து இணைக்க வேண்டும். விலை கூடியது. கள்வர் கண்ணும் அதில்தான்.

அலுமினிய பைப்: காற்றுக்கென்றே செய்த அலுமினியக் குழாய்களும் அவற்றுக்கான இணைப்புகளும் உண்டு. பாரம் குறைவு, பொருத்துவது சுலபம், துரு இல்லை. முதல் செலவு அதிகம்.

துருப்பிடிக்காத எஃகு: மிக நல்லது, மிக விலை.

காற்றுக்கான பிளாஸ்டிக்: பிளாஸ்டிக் எல்லாமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அமுக்கிய காற்றுக்கென்றே தயாரித்த சில வகைகள் உண்டு. அவற்றின் மீதே அது அச்சிடப்பட்டிருக்கும், தயாரித்தவரின் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்தைக் காட்ட முடியாவிட்டால் அந்த பைப் வேண்டாம். "இதுவும் அதே மாதிரிதான்" என்ற வாய்ப்பேச்சை ஏற்க வேண்டாம்.

ரப்பர் ஹோஸ்: லைனின் கடைசி சில அடிகளுக்கும், அதிரும் கம்பிரசரை லைனோடு இணைப்பதற்கும் மட்டும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அச்சிட்ட ஏர் ஹோஸாக இருக்க வேண்டும். பூச்செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸைக் கட்டுக்கம்பியால் இறுக்கி வைப்பது கூடவே கூடாது. கழன்றால் அது பாம்பு போல அடிக்கும்.

நல்ல பைப் வாங்கினாலும் சரியாகப் போடாவிட்டால் பயனில்லை. லைன் ஓடும் திசையில் 100 அடிக்கு 1 அடி என்ற அளவில் சரிவு வேண்டும். நமது மலைக் காற்றில் ஈரம் அதிகம். அந்தத் தண்ணீர் எல்லாம் லைனுக்குள் தங்கும். தாழ்ந்த முனையில் தண்ணீர் திறந்துவிட வடிவால்வு வேண்டும். கிளை லைன்களைப் பெரிய பைப்பின் மேற்பக்கத்திலிருந்து எடுத்துக் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் இயந்திரத்துக்குப் போகாது. ஒவ்வொரு பகுதியையும் தனியாக மூடக்கூடிய வால்வு வேண்டும். புதிய லைனைப் பரீட்சிக்கும்போது தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் பார்ப்பதே பாதுகாப்பு. பரீட்சைக்கும் காற்றையே அடைத்துப் பார்ப்பது விபத்தை நாமே அழைப்பதாகும்.

"காசு இல்லை" என்ற பதில்

நிர்வாகம் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். செலவு அதிகம், விலை விழுந்து கிடக்கிறது, அடுத்த வருட மதிப்பீட்டில் பார்ப்போம்.

நாம் கேட்பது இதுதான். பெரும் பணம் கொடுத்து கலர் சோட்டர் வாங்க முடிந்தது. கம்பிரசர் வாங்க முடிந்தது. இரண்டையும் இணைக்கும் பைப்பில் மட்டும் ஏன் சிக்கனம்? அந்த பைப்புக்குக் கீழே நிற்பவர் யார் என்பதாலா?

"அழுத்தத்தைக் குறைத்து ஓட்டுகிறோம்" என்பதும் தீர்வல்ல. இன்று குறைப்பார்கள்; நாளை இயந்திரம் சரியாக ஊதவில்லை என்று யாரோ ஒருவர் திருகுவார். பைப்புக்குப் பெயின்ட் அடிப்பதும் தீர்வல்ல. உடைந்த இடத்தில் மறுபடி பசை பூசி ஒட்டுவது எல்லாவற்றையும் விட மோசம்.

சட்டமும் நம் பக்கம்

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை, ரப்பர் தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும். கம்பிரசரின் காற்றுத் தாங்கியைப் பற்றி அது தனியாகவே சொல்கிறது. பாதுகாப்பான வேலை அழுத்தம் எவ்வளவு என்று அதில் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு, தண்ணீர் வடிக்கும் வழி ஆகியவை இருக்க வேண்டும். தகுதி உள்ளவரைக் கொண்டு காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும். தொழில் திணைக்களத்தில் இதற்கென்றே தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். நிர்வாகம் கேட்காவிட்டால் அவர்களுக்கு முறைப்பாடு செய்யும் உரிமை நமக்குண்டு.

விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். சங்கம் அதற்காக வாதாடும். ஆனால் ஒரு விடயத்தை மனம் திறந்து சொல்கிறோம். நட்டஈட்டைச் சங்கம் வாங்கித் தரலாம். போன கண்ணை எந்தச் சங்கத்தாலும் வாங்கித் தர முடியாது. அதனால்தான் விபத்துக்குப் பிறகு கடிதம் எழுதுவதை விட, விபத்துக்கு முன் கடிதம் எழுத விரும்புகிறோம்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மாதமே தொழிற்சாலையையும் கராஜையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். வேர்க்‌ஷொப் தம்பிமாரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்களுக்குத்தான் லைன் எங்கே போகிறது என்று தெரியும். பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: காற்று லைன் எந்தப் பொருளால் ஆனது? பைப்பின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது? அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு: அந்த லைனுக்குக் கீழே எத்தனை பேர், எந்த நேரத்தில் வேலை செய்கிறார்கள்?

மூன்று: கம்பிரசர் டேங்கில் வேலை அழுத்தம் எழுதியிருக்கிறதா? அழுத்தமானி வேலை செய்கிறதா? பாதுகாப்பு வால்வை யாராவது கட்டியோ அடைத்தோ வைத்திருக்கிறார்களா? டேங்கின் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுகிறார்களா?

நான்கு: கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? அறிக்கை எங்கே?

பிவிசி லைன் இருப்பது தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. கம்பிரசரை நிறுத்தி, காற்றைத் திறந்துவிட்டு, அழுத்தமானி பூச்சியத்துக்கு வரும்வரை ஒருவரும் பைப்பில் கை வைக்கக் கூடாது. தட்டிப் பார்ப்பது, அசைத்துப் பார்ப்பது வேண்டாம். டீமேக்கரிடமும் துரையிடமும் வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் கொடுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்குங்கள், இன்னொரு பிரதியை நமது மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வேறு பைப் போடும்வரை அந்த லைனுக்குக் கீழே ஆட்களை நிறுத்த வேண்டாம் என்று கோருங்கள். பைப் சரியில்லை என்று முதலில் சொன்ன மெக்கானிக் மீது ஒரு வார்த்தை விழுந்தாலும் சங்கம் அவரோடு நிற்கும்.

தோழர்களே, அரைப் பேர் போட்டால் நாம் மலையை விட்டு இறங்கி நியாயம் கேட்கிறோம். ஒரு கிலோ கொழுந்து நிறுவையில் குறைந்தால் தராசைச் சுற்றி நிற்கிறோம். தலைக்கு மேல் ஓடும் பைப்பைப் பற்றி மட்டும், "அது பெரியவர்கள் விடயம், நமக்கென்ன தெரியும்" என்று இருந்துவிடக் கூடாது. அந்தச் சகோதரி ஏழாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்ல. மெஷின் வேலையும் அவருக்குத் தெரியாது. தலைக்கு மேலே பார்த்தார், சந்தேகம் வந்தது, கூட்டத்தில் எழுந்து கேட்டார். சங்கத்தின் பலம் அப்படிப்பட்ட கேள்விகளில்தான் இருக்கிறது.

சகோதரி, உங்கள் கேள்விக்கு எங்கள் பதில்: தண்ணீருக்குத் தாங்கும் பைப் காற்றுக்குத் தாங்காது. வேர்க்‌ஷொப் தம்பி சொன்னது சரி. அந்த பைப்பை மாற்றச் சொல்லி எழுதிய கடிதம் உங்கள் தோட்ட நிர்வாகத்துக்குப் போய்விட்டது. பதில் வரும்வரை நாம் ஓயப்போவதில்லை.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!